இதயக் குறியெண் சுழியம்

நகரக் குடிநீர் வாரியத்தின் தலைமை அலுவலகம் மூன்று மாடிகளை உடையது. முதல் மாடியில் தண்ணீர் வரவில்லை என்னும் புகார்கள் பெறப்படுகின்றன. இரண்டாம் மாடியில் அவை வரிசைப்படுத்தப்படுகின்றன. மூன்றாம் மாடியில் தலைவர் இருக்கிறார். தரைத்தளத்தில், படிக்கட்டின் அடியில், தலை குனிந்து நுழைய வேண்டிய அறை ஒன்றில் ஊழியர் நலப் பிரிவு இயங்குகிறது.

அந்த அறையில் முன்னொரு காலத்தில் இதயத் துடிப்பைத் தாளில் வரைந்து காட்டும் கருவி ஒன்று இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதன்மீது துணி விரித்து, துணியின்மீது தொலைபேசியை வைத்திருக்கிறார்கள். அக்கருவி தொலைபேசி மேசையாக உயர்ந்த வரலாறு சுருக்கமானது.

தலைவர் ஒருமுறை வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குச் சென்றார். இரண்டாம் நாள் நண்பகலில் உணவுக்கூடத்தைத் தேடிச் சென்றவர் வழி தவறி வேறோர் அரங்கினுள் நுழைந்துவிட்டார். அங்கே மருத்துவர் ஒருவர், ஈறு நோய் உள்ளவர்களிடம் இதய நோயும் கூடுதலாகக் காணப்படுகிறது என்றும், இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்றும், ஆயினும் ஒன்றை வைத்து மற்றொன்றை முடிவு செய்துவிடக் கூடாது என்றும் கூறிக்கொண்டிருந்தார். இம்மூன்றனுள் முதல் இரண்டைத் தலைவர் ஊன்றிக் கேட்டார். மூன்றாவது கூறப்பட்டபோது அவர் உணவுக்கூடத்தின் கதவைக் கண்டுபிடித்திருந்தார்.

ஊர் திரும்பிய வாரத்திலேயே ‘ஈறுவழி இதயநலத் திட்டம்’ பிறந்தது. இனி வாரிய ஊழியரின் இதயம் நேரடியாகச் சோதிக்கப்படாது; ஈறுகளின் வழியே அறியப்படும். பல்லுக்கும் ஈறுக்கும் இடையே மெல்லிய அளவுகோலை இறக்கிப் பார்க்க வேண்டும். வரம்பு மீறிய ஆழத்துக்கு ஓர் எண். இரத்தம் கசிந்தால், கசிவு ஒன்றுக்கு நான்கு. கூட்டி வருவதே அவ்வூழியரின் இதயக் குறியெண். அது நாற்பதைத் தாண்டினால் இதய மருத்துவமனைக்குக் கடிதம் கிடைக்கும். கடினமான பணியிலிருந்து விலக்கும் கிடைக்கும். நாற்பதுக்குள் இருந்தால் இதயம் நலமாக இருக்கிறது என்று பொருள். வாரியத்தின் கடிதமின்றி வாரிய ஊழியரை அந்த மருத்துவமனை வாசலிலும் நிறுத்துவதில்லை என்பது இரு நிறுவனங்களுக்கும் இடையே உள்ள உடன்படிக்கை.

ஈறுகளை அளப்பது யார் என்னும் வினா எழுந்தது. வீட்டு மீட்டர்களைக் கணக்கெடுப்போர் நாற்பது பேர் வாரியத்தில் இருந்தனர். மீட்டர்களுள் பெரும்பாலானவை ஓடாமையால் அவர்களுக்கு வேலை குறைவு. “ஒரு குழாயில கசிவுன்னா எங்கேயோ அழுத்தம் கெட்டிருக்குன்னு அர்த்தம். ஈறும் குழாய்தான். நம்ம ஆளுங்களுக்குத் தெரியாத கசிவா?” என்று தலைவர் அருளினார். அளவீட்டுக்குப் புதிய பதிவேடும் அச்சிடப்படவில்லை. மீட்டர் பதிவேடே பயன்பட்டது; அதன் பழைய விதிகளும் உடன் வந்து சேர்ந்தன. மீட்டரே இல்லாத வீட்டுக்குச் சுழியம் எழுத வேண்டும். கதவு பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அந்த மாதத்தின் சராசரியை எழுத வேண்டும். இவ்விரண்டும் வாரியம் தோன்றிய நாள்முதல் எவராலும் கேள்வி கேட்கப்படாதவை.

இத்தகைய சூழலில்தான் வால்வுக்காரருக்கு நெஞ்சு வலித்தது.

வால்வுக்காரர் ஐம்பத்தாறு வயதினர். தெருக்களின் அடியில் உள்ள பெரிய வால்வுகளைத் திறந்து மூடுவது அவர் பணி. சாலையின் இரும்பு மூடியைத் தூக்கிவிட்டு, மார்பளவு உயரமுள்ள திருகுச் சாவியைக் குழிக்குள் இறக்கி, இரு கைகளாலும் சுற்ற வேண்டும். சந்தைத் தெருவின் வால்வுக்கு அறுபது சுற்று. முன்பெல்லாம் அதை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, எதிர்க் கடையில் நின்று அரசியலும் பேசுவார். அண்மைக் காலமாக இருபதாம் சுற்றில் நெஞ்சின்மேல் யாரோ வந்து அமர்ந்து நிதானமாகச் செய்தித்தாள் படிப்பது போன்ற உணர்வு உண்டாயிற்று. அவர் எழுந்து போகும்வரை வால்வுக்காரர் குழியின் விளிம்பில் அமர்ந்திருப்பார்.

அவருடைய மனைவி வீட்டில் பள்ளிச் சீருடைகள் தைப்பவர். துணியில் எந்தக் கறையையும் தவறவிடாதவர்.

“இன்னிக்கு எத்தனை தடவை உட்கார்ந்தீங்க?”

“ஒரே தடவைதான்.”

“ஒரு தடவை உட்கார்ந்ததுக்கா கால்சட்டை பின்னாடி பூரா ரோடு ஒட்டிட்டு வந்திருக்கு? நாளைக்கு நீங்க ஆபீசுக்குப் போய்க் கடிதம் வாங்குறீங்க. இல்லைன்னா நான் போய் வாங்குவேன். நான் போனா எப்படிப் பேசுவேன்னு உங்களுக்கே தெரியும்.”

தெரிந்திருந்தபடியால் அவரே போனார்.

நலப் பிரிவில் மூத்த கணக்கெடுப்பாளர் அமர்ந்திருந்தார். நெற்றியில் விளக்குக் கட்டியிருந்தமையால் அவரை எல்லோரும் ‘டார்ச்’ என்றே அழைத்தனர். பக்கத்தில் பதிவேட்டுடன் எழுத்தர்.

“வாங்கண்ணே, வாயைத் திறங்க.”

வால்வுக்காரர் வாயைத் திறந்தார். திறந்து, உள்ளிருந்த இரு வரிசைகளையும் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். டார்ச் பின்வாங்கினார்.

“என்னண்ணே, மீட்டரையே கழட்டிக் கையில வச்சுக்கிட்டீங்க!”

“பல் செட்டுப்பா. பதினோரு வருஷமாச்சு. ஈறு வீங்கி, சீழ் வச்சு, ஒவ்வொண்ணா ஆடி விழுந்துடுச்சு.”

“அந்தச் சரித்திரமெல்லாம் எழுத இதுல கட்டம் இல்லை” என்றார் எழுத்தர். “மேல் வரிசை என்ன?”

“இல்லை” என்றார் டார்ச்.

“இல்லைன்னு எழுத முடியாது. எண் சொல்லுங்க.”

“மீட்டர் இல்லாத வீட்டுக்கு என்ன எழுதுவோம்?”

“ஜீரோ.”

“கீழ் வரிசையும் அதேதான். கசிவும் இல்லை. ஆறிப்போன ஈறு, தரை மாதிரி இருக்கு.”

எழுத்தர் கூட்டினார். கூட்டுவதற்கு ஏதும் இல்லையாயினும் விதிப்படி இருமுறை கூட்டினார். பிறகு பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றார். திட்டம் தொடங்கிய நாள்முதல் வாரியத்தில் எவரும் சுழியம் பெற்றதில்லை.

நலன் அலுவலர் மென்மையாகப் பேசுபவர். எவருடைய விண்ணப்பத்தையும் அவர் நின்றுகொண்டே மறுத்ததில்லை. நாற்காலி கொடுத்து அமரச் செய்த பிறகே மறுப்பார்.

“ஜீரோ வாங்கியிருக்கீங்க. வாழ்த்துகள். எனக்கே இருபத்தாறு.”

“அதில்லைங்க ஐயா, நெஞ்சு வலிக்குது. இடது கை வரைக்கும் இழுக்குது. ஒரு கடிதம் கொடுத்தீங்கன்னா போய்க் காட்டிட்டு வந்துடுவேன்.”

“பாருங்க, வலிங்கிறது உங்க அபிப்பிராயம். ஜீரோங்கிறது வாரியத்தோட பதிவு. ரெண்டும் மோதிச்சுன்னா நான் எந்தப் பக்கம் நிக்கணும்? நீங்களே சொல்லுங்க.”

வால்வுக்காரர் நேர்மையான மனிதர். ஆதலின் சற்று யோசித்துவிட்டு, “பதிவு பக்கம்தாங்க” என்றார்.

“அவ்வளவுதான். புரிஞ்சுக்கிட்டீங்களே!”

விடுப்பாவது கிடைக்குமா என்று கேட்டார். விடுப்புக்கு நோய் வேண்டும்; நோய்க்குக் குறியெண் வேண்டும். தொலைபேசி ஒலித்தது. அலுவலர் அதை எடுத்தபோது துணி சற்றே விலக, அடியிலிருந்த கருவி தெரிந்தது. அவர் துணியைச் சரிசெய்தார்.

அதே காலையில் பம்ப் நிலையத்துக்காரர் ஒருவர் அளக்கப்பட்டார். முந்தின நாள்தான் புதிய முரட்டுப் பிரஷ் வாங்கி வெறியுடன் பல் துலக்கியிருந்தமையால் அவருக்குப் பதினொரு கசிவுகள், குறியெண் நாற்பத்துநான்கு. இதய மருத்துவமனை அவரை மூன்று நாள் படுக்க வைத்துச் சோதித்து, இப்படிப்பட்ட இதயத்தைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்று வியந்து அனுப்பியது. ஆயினும் விதிப்படி அவருக்கு எளிய பணி வழங்கப்பட்டது. மேலும் இரண்டு வால்வுக்காரர்கள் நாற்பதைத் தாண்டினர். அவர்களுடைய தெருக்களை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டியிருந்தது. வாரியத்தின் மிகச் சிறந்த இதயம் யாரிடம் உள்ளது என்பதில் ஐயம் இல்லாமையால், அத்தெருக்கள் சுழியம் பெற்ற வால்வுக்காரரிடமே ஒப்படைக்கப்பட்டன.

இச்செய்தியைக் கேட்ட மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தினார்.

“கடிதம் வாங்கப் போன மனுஷன் மூணு பேர் வேலையை வாங்கிட்டு வந்திருக்கீங்க.”

“பாராட்டினாங்க” என்றார் அவர்.

வியாழக்கிழமைதோறும் வாரியத்துக்கு வரும் பல் மருத்துவர் ஒருவர் இருந்தார். திட்டத்தைப் பற்றி அவரிடம் எவரும் கருத்துக் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்னும் அச்சமே காரணம். மனைவி, கணவரை இழுத்துக்கொண்டு அவர் முன் நின்றார். மருத்துவர் வாயைப் பார்த்தார். பிறகு, ஈறுகளை விட்டுவிட்டு, மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நலப் பிரிவில் அச்செயல் நிகழ்ந்து நெடுநாள் ஆகியிருந்தது.

“பல்லெல்லாம் எப்படிப் போச்சுன்னு யாராவது கேட்டாங்களா?”

“நானே சொன்னேங்க. அதுக்குக் கட்டம் இல்லைன்னுட்டாங்க.”

“வீடு பூரா எரிஞ்சு சாம்பலான பிறகு வந்து பார்த்துட்டு, இங்கே தீ இல்லைன்னு சர்டிஃபிகேட் கொடுத்திருக்காங்க.” மருத்துவர் மனைவியின் பக்கம் திரும்பினார். “அம்மா, வருஷக்கணக்கா ஈறு கெட்டுப் பல்லு போனவர் இவர். இவருக்கு நெஞ்சு வலின்னா மத்தவங்களைவிட முன்னாடி இதயத்தைப் பார்த்திருக்கணும். ஈறு நல்லா இருந்தா ஈறு நல்லா இருக்குன்னுதான் அர்த்தம். அது இதயத்துக்கு ஜாமீன் கையெழுத்துப் போடாது.”

இதையே தெளிவாக எழுதி, உடனே இதய மருத்துவமனைக்கு அனுப்புக என்று அடிக்கோடிட்டு நலன் அலுவலருக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் மறுமொழி வந்தது. அது இவ்வாறு அமைந்திருந்தது: ‘பல் மருத்துவரின் அதிகார எல்லை பற்களாகும். மேற்படி ஊழியருக்குப் பற்கள் இல்லை. ஆகவே மேற்படி ஊழியரைக் குறித்துக் கருத்துக் கூற மருத்துவருக்கு அதிகாரம் இல்லை.’ அடுத்த வியாழன்முதல் மருத்துவரின் நாற்காலியிலும் டார்ச்சே அமர்ந்தார்.

இதற்கிடையே சுழியத்தின் புகழ் மூன்றாம் மாடியை எட்டியது. தலைவர் தம் வாழ்நாளில் எந்தத் திட்டமும் இத்தனை விரைவில் பயன் தந்து கண்டதில்லை. வால்வுக்காரரின் திறந்த வாய் படமெடுக்கப்பட்டு, படிக்கட்டு நெடுகிலும் ஒட்டப்பட்டது. கீழே, ‘இந்த இதயத்தைப் பாருங்கள்’ என்னும் வாசகம். மேற்பார்வையாளராகப் பதவி உயர விரும்புவோரின் குறியெண் பத்துக்குள் இருத்தல் வேண்டும் என்ற சுற்றறிக்கையும் அவ்வாரமே வெளியாயிற்று.

முதலில் பல்லைப் பிடுங்கிக்கொண்டவர் பம்ப்காரர். இருபத்தெட்டுப் பற்கள், இரண்டு அமர்வுகள். அவற்றுள் ஒன்றுகூடச் சொத்தை இல்லை. பிடுங்கியவர், மனம் கேளாமல் நடுவில் நிறுத்தி, “நெசமாவா சார்?” என்று கேட்டாராம். அடுத்து வாகன ஓட்டுநர், பிறகு தட்டச்சர், பிறகு எழுத்தர். உணவு இடைவேளையில் வாரியத்தின் உணவறை அமைதியாயிற்று. மெல்லும் ஒலி எழுந்தால், யார் இன்னும் பதவியில் அக்கறையின்றி இருப்பது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தனர். நலன் அலுவலர், ‘ஒரே மாதத்தில் முப்பத்தொரு ஊழியரின் இதயங்கள் வேரோடு சீர்செய்யப்பட்டன’ என்று அறிக்கை எழுதினார்.

இந்தச் சாதனையைக் கொண்டாடவும், புதிய தலைமைக் குழாயைத் திறந்துவைக்கவும் ஒரே விழா ஏற்பாடாயிற்று. புதிய வால்வு மேடையின் நடுவிலேயே அமைந்தது, எண்பது சுற்று. அதை ‘முன்மாதிரி இதயம்’ திறக்கும் என அழைப்பிதழில் அச்சிடப்பட்டிருந்தது.

விழா நாளன்று மேடையின் படியில் வால்வுக்காரர் நலன் அலுவலரின் கையைப் பிடித்தார். உள்ளங்கை வியர்த்துக் குளிர்ந்திருந்தது.

“ஐயா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வேற யாரையாச்சும் சுத்தச் சொல்லுங்க. காலையிலேர்ந்தே இறங்கல, நெஞ்சுலயே உட்கார்ந்திருக்கு.”

“என்ன பேசுறீங்க? ஜீரோவை மேடையில வச்சுக்கிட்டு நாப்பத்துநாலைக் கூப்பிட்டா வாரியத்தோட மானம் என்ன ஆகும்? சிரிச்ச முகமா வாங்க. பல்லைக் கழட்டிடுங்க, ஜனங்க பார்க்கணும்.”

அவர் பல்லைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டாம் வரிசையில் மனைவி அமர்ந்திருந்தார். அவர் கைதட்டவில்லை.

தலைவர் உரையாற்றத் தொடங்கியதும் சுற்றும் தொடங்கிற்று. சுற்றுகளை எண்ணி அறிவிக்கும் பொறுப்புப் பம்ப்காரருக்கு வழங்கப்பட்டிருந்தது. வாயில் பஞ்சு இருந்தமையால் எண்கள் காற்றாகவே வெளிவந்தன.

“நண்பர்களே!” என்றார் தலைவர். “இதயத்தைத் திறந்து பார்த்துத் தெரிஞ்சுக்கிறவர் டாக்டர். பார்க்காமலே தெரிஞ்சுக்கிறவர் நிர்வாகி. முன்னாடி நம்ம ஆபீஸ்ல மாசத்துக்கு நாலு பேருக்கு இதயக் கோளாறு கண்டுபிடிச்சாங்க. மிஷினை நிறுத்தினோம். இன்னிக்கு வரைக்கும் ஒருத்தருக்குக்கூடக் கண்டுபிடிக்கலை! இதைவிடத் தடுப்பு மருத்துவம் வேற என்ன இருக்கு?”

கைதட்டல். முப்பதாம் சுற்று. வால்வுக்காரர் நின்று, சாவியின் மேல் நெற்றியைச் சாய்த்தார்.

“என்னை இரக்கமில்லாதவன்னு சிலர் சொல்றாங்க. தப்பு. எனக்கு இரக்கம் உண்டு. அதை வீணாக்கக் கூடாதுன்னுதான் குறியெண் வச்சிருக்கேன்.”

“போதும், விட்டுடுங்க! கீழே இறங்குங்க!” என்று இரண்டாம் வரிசையிலிருந்து மனைவி கத்தினார். அதை உற்சாகக் குரல் என்று கருதிய கூட்டம் மீண்டும் கைதட்டியது.

ஐம்பத்தொன்றாம் சுற்றில் சாவி நின்றது. வால்வுக்காரர் அதைப் பிடித்தபடியே சரிந்தார்.

மனைவி மேடைக்கு ஓடினார். “நெஞ்சைப் பாருங்க! யாராச்சும் நெஞ்சைப் பாருங்களேன்!”

“பதறாதீங்கம்மா, முறைப்படி பார்ப்போம்” என்றார் நலன் அலுவலர். டார்ச் அழைக்கப்பட்டார். விளக்கு ஏற்றப்பட்டது. வாய் ஏற்கெனவே திறந்தே இருந்தது.

“மேல் வரிசை?”

“ஜீரோ.”

“கசிவு?”

“இல்லை.” டார்ச் நிமிர்ந்தார். “ஐயா, மூச்சு...”

“மூச்சுக்குக் கட்டம் இல்லை. கீழ் வரிசை?”

டார்ச் கீழ் வரிசையை அளந்து முடிப்பதற்குள் வால்வுக்காரர் இறந்துவிட்டார். ஆயினும் அளவீடு முறைப்படி முடிக்கப்பட்டது. குறியெண் சுழியம்.

பத்தாம் நாள் மனைவி நலப் பிரிவுக்குச் சென்றார். குனிந்து நுழைந்து, கொடுக்கப்பட்ட நாற்காலியில் அமராமல் நின்றார்.

“இதயம் நின்னுதான் செத்தார்னு எழுதிக் கொடுங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம். அடுத்து வலிக்குதுன்னு வர்றவனையாவது நீங்க அனுப்பணும்.”

“எப்படிம்மா எழுதுறது? ஜீரோ வாங்கின இதயம் நின்னுடுச்சுன்னா திட்டமே தப்புன்னு ஆயிடும். யோசிச்சுப் பாருங்க, அவர் பேரைத்தானே கெடுக்கிறோம்? வாழ்க்கையில அவர் வாங்கின ஒரே பரிசு அது. அதையும் பிடுங்கணுமா?” அலுவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், உண்மையாகவே ஈரம் இருந்தது. “காரணம்கிற கட்டத்தை இப்போதைக்குக் காலியா விட்டிருக்கோம். அப்புறம், அந்தப் பல் செட்டு... கொடுத்தீங்கன்னா கண்ணாடிப் பெட்டியில வைக்கலாம்னு தலைவர் பிரியப்படுறார்.”

“வச்சு? மாசாமாசம் அதுக்கும் டார்ச் அடிச்சுக் கணக்கெடுப்பீங்களா?”

அலுவலர் அதனை ஒரு யோசனையாகக் கருதிக் குறித்துக்கொண்டார்.

இறப்பின் காரணம் காலியாக இருந்தமையால் இறப்பு முழுமையாகப் பதிவாகவில்லை. பதிவாகாமையால் பெயர் நீக்கப்படவில்லை. மாத இறுதியில் அளவீடு நடந்தபோது வால்வுக்காரரின் பெயர் மும்முறை அழைக்கப்பட்டது. அவர் வரவில்லை. வராதவருக்கு, பூட்டிய வீட்டுக்குப் போலவே, சராசரி எழுதப்பட்டது.

சராசரி அம்மாதம் சற்று மிகையாக இருந்தது. அண்மையில் பற்களைப் பிடுங்கிக்கொண்டோரின் ஈறுகள் ஆறவில்லை. இருபத்தெட்டுக் குழிகள், குழி ஒன்றுக்கு ஒரு கசிவு, கசிவு ஒன்றுக்கு நான்கு. பம்ப்காரரின் குறியெண் நூற்றுப்பன்னிரண்டாக ஏறியது. அவர் மேற்பார்வையாளர் ஆகவில்லை. இதய மருத்துவமனையில் மீண்டும் மூன்று நாள் படுத்திருந்தார். எல்லாவற்றையும் கூட்டி வகுத்தபோது சராசரி எழுபத்தொன்று வந்தது.

மறுநாள் காலை டார்ச் வால்வுக்காரரின் வீட்டு வாசலில் நின்றார். நெற்றியில் விளக்கு இல்லை. மனைவி பொத்தான்களுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“அண்ணி... கடிதம்.”

“யாருக்கு?”

“அண்ணனுக்கு.”

அவர் எழுந்து வந்து வாங்கிப் படித்தார். ‘தங்கள் இதயக் குறியெண் எழுபத்தொன்றாக உயர்ந்திருப்பது வாரியத்துக்கு மிகுந்த கவலை அளிக்கிறது. இக்கடிதத்துடன் உடனே இதய மருத்துவமனைக்குச் செல்லவும். இன்றுமுதல் தாங்கள் எந்த வால்வையும் சுற்றுதல் கூடாது. தங்கள் இதயம் வாரியத்தின் சொத்தாகும்.’

எழுத்துப் பிழை ஏதும் இல்லை. முத்திரையும் நேராக விழுந்திருந்தது. அவர் இரண்டாம் முறையும் படித்தார்.

“நீங்கதானே வாயில விளக்கடிச்சீங்க, கடைசியா?”

“நான்தான் அண்ணி.”

“அப்புறம் எதுக்கு இதைக் கொண்டுவந்தீங்க?”

“எனக்குத் தெரியும் அண்ணி. பதிவுக்குத் தெரியாதே.” டார்ச் தம் பையிலிருந்து பதிவேட்டை எடுத்தார். “இதுல அண்ணன் கையெழுத்து வேணும். வேற யாரும் போடக் கூடாதாம். போடலைன்னா, ‘நேரில் சென்றபோது கதவு பூட்டியிருந்தது’ன்னு எழுதச் சொல்லியிருக்காங்க.”

“எழுதினா?”

“அடுத்த மாசமும் சராசரிதான் வரும். திரும்ப இதே கடிதத்தோட நான் வருவேன்.”

மனைவி கடிதத்தை மடித்தார். பிறகு உள்ளே போய், சட்டையை எடுத்து, விட்ட இடத்திலிருந்து காஜா எடுக்கலானார்.

டார்ச் பதிவேட்டை வைத்து எழுத இடம் தேடினார். வாசலில் மேசை ஏதும் இல்லை. ஆகவே அகலத் திறந்திருந்த கதவின்மீது பதிவேட்டைச் சாய்த்து, அது அசையாதவாறு இடக்கையால் பிடித்துக்கொண்டு, ‘கதவு பூட்டியிருந்தது’ என்று எழுதினார்.